குடும்ப மருத்துவப் பயிற்சி: ஒரு வரலாற்று நோக்கு

மட்டக்களப்பிலிருந்து கல்முனை நோக்கிச் செல்லும் பெருந்தெருவில், கடலுக்கும் வாவிக்கும் இடையே அமைந்த ஊர் பெரியகல்லாறு. இத்தகைய ஊர்களில் முற்காலத்தில் நோயுற்றோர் முதலில் நாடியவர் பரிகாரியார். அவர் நோயாளியின் நாடியை மட்டுமன்றி, அவரது குடியையும் தொழிலையும் வீட்டு நிலையையும் அறிந்திருந்தார். இந்த அறிவை மேலை மருத்துவம் பயின்ற இளம் வைத்தியர் பெறுவது எவ்வாறு என்னும் வினா, ஈழத்து மருத்துவக் கல்வி வரலாற்றில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகத் தொடர்ந்து வந்துள்ளது.

இவ்வினாவை முதலில் எதிர்கொண்டவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் எனலாம். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த இந்த அமெரிக்க மிசன் வைத்தியர், மானிப்பாயில் மாணாக்கருக்கு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். தொடக்கத்தில் ஆங்கிலமே போதனாமொழியாக இருந்தது. ஆங்கிலத்திற் பயின்றோர் அரசாங்க உத்தியோகத்தையும் பிற நகரங்களையும் நாடக்கூடும், தமிழிற் பயின்றோரோ தம் மக்களிடையே தங்குவர் என்று கருதிய கிறீன், பின்னர் தமிழுக்கு மாறினார். அதற்காக நான்காயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்குவித்தார். 1873 இல் அவர் நாடு திரும்பியபோது அவரிடம் பயின்றோர் அறுபதின்மருக்கு மேற்பட்டிருந்தனர். பயிற்சியின் மொழியும் இடமும் மருத்துவர் பின்னர் வாழும் இடத்தைத் தீர்மானிக்கும் என்பது அவர் கண்ட உண்மை.

1870 இல் தோன்றிய கொழும்பு மருத்துவப் பள்ளியின் தோற்றத்துக்கும் கிராமத்தின் துயரே காரணமாயிற்று. பறங்கி நோயால் வன்னிப் பகுதி மக்கள் நலிந்து குறைந்தமை பற்றி ஜேம்ஸ் லூஸ் நடத்திய ஆய்வு, உள்நாட்டிலேயே மருத்துவர்களைப் பயிற்றும் தேவையை உணர்த்திற்று. ஆயினும் அப்பள்ளி வளர்ந்து கல்லூரியாகி, 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பீடமான காலத்தில், மருத்துவக் கல்வியின் மையம் பெருவைத்தியசாலையின் நோயாளர் விடுதியாகவே இருந்தது. சிற்றூர்களின் மருந்துச்சாலைகளைப் பெரும்பாலும் தாங்கியவர்கள் குறுகிய காலப் பயிற்சி பெற்ற அப்போதிக்கரிமாரும், அவர்களின் வழிவந்த உதவி வைத்தியர்களுமே. பட்டம் பெற்றவர் ஓராண்டு உள்ளகப் பயிற்சியை முடித்தால் பொது மருத்துவராகத் தகுதி பெற்றுவிடுவார் என்று கருதப்பட்டது. விசேட மருத்துவராவதற்கே மேற்பயிற்சி வேண்டும் என்னும் எண்ணம் நிலைபெற்றது.

இவ்வெண்ணம் பிற நாடுகளிலும் நிலவியதே. ஐக்கிய அமெரிக்காவில் 1969 இல் குடும்ப மருத்துவம் தனித்துறையாக ஏற்கப்பட்டு, மூன்றாண்டுப் பயிற்சி வகுக்கப்பட்டது. பயிலும் வைத்தியர் மருத்துவம், சத்திரசிகிச்சை, மகப்பேறு, குழந்தை மருத்துவம், உளமருத்துவம் ஆகிய பிரிவுகளிற் சுழற்சிமுறையிற் பணிபுரிவார். அதேவேளையில், மூன்றாண்டும் ஒரே சிகிச்சை நிலையத்தில் தமக்கென ஒப்படைக்கப்பட்ட குடும்பங்களைத் தொடர்ந்து கவனிப்பார். விடுதி நோயைக் காட்டும். ஆண்டுக்கணக்கான தொடர்ச்சியே நோயுற்ற மனிதரைக் காட்டும் என்பது இவ்வொழுங்கின் அடிப்படை. பிரித்தானியாவில் 1976 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த மூன்றாண்டுப் பயிற்சியிலும், வைத்தியசாலைப் பணியுடன் அனுபவமிக்க பொது மருத்துவர் ஒருவரின் மேற்பார்வையிற் பணிபுரியும் காலமும் இணைக்கப்பட்டது.

இலங்கையில் 1974 இல் பொது மருத்துவர்களின் கல்லூரி நிறுவப்பட்டது. 1980 இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து அமைந்த பட்டப்பின் மருத்துவ நிறுவகம், குடும்ப மருத்துவத்தில் டிப்ளோமாவையும் பின்னர் எம்.டி. பட்டத்தையும் வழங்கும் நிலை உருவாயிற்று. பல்கலைக்கழகப் பீடங்களிலும் குடும்ப மருத்துவம் பாடமாக இடம்பெற்றது. எனினும், விசேட மருத்துவரை நாடி, அருகிலுள்ள சிறு வைத்தியசாலையைக் கடந்து பெருவைத்தியசாலைக்குச் செல்லும் வழக்கம் நாடெங்கும் நீடிக்கின்றது. அங்கு நோயாளர் பெருகுகின்றனர். ஒருவருக்குக் கிடைக்கும் நேரமோ சில நிமிடங்களே. நீரிழிவும் குருதியமுக்கமும் போன்ற, வாழ்நாள் முழுதும் தொடர்ந்து கவனிக்கவேண்டிய நோய்களுக்கு இம்முறை பொருந்துவதன்று.

மட்டக்களப்புப் பிரதேசத்தில் இக்குறை மேலும் ஆழமானது. இங்கு குடும்பம் என்பது கணவன், மனைவி, பிள்ளைகள் என்ற சிறுவட்டத்துள் அடங்குவதன்று. தாய்வழிக் குடிமுறை நிலவும் இப்பகுதியில், மணமான மகளுக்கு வீடு சீதனமாக அளிக்கப்பட, தாயும் பெண்மக்களும் அயலயலே வாழ்வது பெருவழக்கு. நோயாளிக்குப் பத்தியம் சமைப்பவர் யார், மருந்தை நினைவூட்டுபவர் யார், மகப்பேற்றின்போது முடிவு கூறுபவர் யார் என்பன இவ்வமைப்பைப் பொறுத்தவை. போரும் 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் இக்கரையோரக் குடும்பங்களிற் பலவற்றைச் சிதைத்தமையால், இழப்பின் வரலாற்றையும் அறியாது உடல்நோயைக் கண்டறிதல் அரிது. இவற்றைக் கொழும்பிலோ அயல்நாட்டிலோ உள்ள விடுதி கற்பித்துவிட முடியாது.

கிழக்குப் பல்கலைக்கழகத்தில் மருத்துவக் கல்வி தொடங்கியபின், மருத்துவ மாணாக்கர் இம்மண்ணிலேயே பயிலும் வாய்ப்பு ஏற்பட்டுள்ளது. அதன் பயன் முழுமை பெறுவதற்கு, பட்டப்பின் பயிற்சியின் ஒரு பகுதியேனும் பெரியகல்லாறு போன்ற ஊர்களின் வைத்தியசாலைகளில், தகுதிவாய்ந்த ஆசிரிய மருத்துவரின் கண்காணிப்பில் நிகழ்தல் வேண்டும். பயிற்சி எங்கு நிகழ்கின்றதோ அங்குதான் மருத்துவரின் பற்றும் வேரூன்றும். மானிப்பாயிற் கிறீன் உணர்ந்த இவ்வுண்மை, வாவிக்கரை ஊர்களுக்கு இன்றும் பொருந்துவதாகும்.