மௌனம் காத்த சங்கங்கள்: இலண்டன் பௌத்த அமைப்புகளில் தீங்கும் திருத்தமும்

விநய பிடகத்தின் மகாவக்கத்தில், பவாரணா என்னும் சடங்கு எப்படித் தோன்றியது என்பதற்கு ஒரு கதை உண்டு. கோசல நாட்டில் சில பிக்குகள் சேர்ந்து மழைக்காலத்தைக் கழிக்க நினைத்தார்கள். சண்டை சச்சரவு வராமலிருக்க என்ன வழி என்று யோசித்து, மூன்று மாதமும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். அப்படியே இருந்தும் காட்டினார்கள். காலம் முடிந்து சாவத்திக்குப் போய்ப் புத்தரிடம், நாங்கள் ஒற்றுமையாக, நிம்மதியாக இருந்தோம் என்றார்கள். அவர் மெச்சவில்லை. ஆடுமாடுகள் போலக் கூடியிருந்துவிட்டு நிம்மதி என்கிறீர்களே என்று கடிந்துகொண்டார். அதன் பிறகுதான் அந்த விதி வந்தது. மழைக்காலம் முடியும் நாளில் ஒவ்வொரு பிக்குவும் சங்கத்தின் முன் அமர்ந்து, என்னிடம் கண்ட குற்றம், கேட்ட குற்றம், சந்தேகித்த குற்றம் எதுவானாலும் சொல்லுங்கள் என்று மூன்று முறை கேட்க வேண்டும். சம்யுத்த நிகாயத்தின் பவாரணா சுத்தத்தில் புத்தரே தம்மைப் பற்றி அவ்வாறு கேட்கிறார்.

பௌத்தத்தைத் தியானம், தத்துவம், 'மணிமேகலை' என்ற அளவில் அறிந்த நம்மில் பலர் விநயத்தைப் பொருட்படுத்துவதில்லை. தலைமயிர் மழிப்பதற்கும் உச்சிப்பொழுதுக்கு முன் உண்பதற்குமான விதித் தொகுப்பு என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் ஒரு காலத்தில் தமிழ் நிலம் அதை ஊன்றிப் படித்தது. உறையூராகப் பலர் கருதும் உரகபுரத்தைச் சேர்ந்த புத்ததத்தர், 'விநய விநிச்சயம்' என்ற நூலைச் சோழநாட்டில் காவிரிக்கரைப் பூதமங்கலத்து விகாரையில் இருந்துதான் எழுதினார். விநயத்தில் பாதி, செய்யக்கூடாதவற்றின் பட்டியல். மற்றப் பாதி, செய்தபின் யார் யாரிடம் போய் என்ன சொல்ல வேண்டும் என்ற நடைமுறை. மேற்குலகம் பௌத்தத்தை வாங்கிக்கொண்டபோது கைவிட்டது இந்த இரண்டாவது பாதியை என்பது என் எண்ணம். அதற்கான விலை என்ன என்பதற்கு இலண்டன் நகரம் நல்ல சாட்சி.

கிழக்கு இலண்டனில் பெத்னல் கிறீன் நிலையத்திலிருந்து ரோமன் ரோட்டில் சற்று நடந்தால் செங்கல்லால் கட்டிய பழைய தீயணைப்பு நிலையம் ஒன்று வரும். 1978 முதல் அதுதான் இலண்டன் பௌத்த நிலையம். மதிய இடைவேளைத் தியான வகுப்புக்கு நானும் சில மாதங்கள் அங்கே போயிருக்கிறேன். கனிவான மனிதர்கள், நல்ல தேநீர். அதன் தாய் அமைப்பை 1967இல் தொடங்கியவர் சங்கரக்ஷித. இயற்பெயர் டெனிஸ் லிங்வுட். 1925இல் பிறந்து, தென் இலண்டன் டூட்டிங்கில் வளர்ந்தவர். இன்று டூட்டிங் என்றால் நமக்குத் தோசைக்கடையும் முத்துமாரியம்மன் கோயிலும்தான் நினைவுக்கு வரும். போர்க்காலத்தில் படைவீரராக இந்தியா வந்தவர் அங்கேயே தங்கிவிட்டார். நாடோடித் துறவியாகத் தென்னாட்டில் அலைந்த நாட்களில், 1949இல், திருவண்ணாமலையில் ரமணரின் ஆச்சிரமத்துக்கு வந்து, விரூபாட்ச குகையிலும் தங்கினார். 1950இல் சாரநாத்தில் பிக்குவானார். அம்பேத்கர் 1956 டிசம்பரில் காலமானபோது நாகபுரியில் இருந்து, அனாதைகளாக உணர்ந்த புதிய பௌத்தர்களிடையே தொடர்ந்து பேசியவர். அந்தப் பணியை எவரும் குறைத்து மதிப்பிட முடியாது.

1964இல் இலண்டன் திரும்பி ஹாம்ஸ்டெட் விகாரையில் பொறுப்பேற்றார். அதை நடத்திய அறக்கட்டளையோடு பிணக்கு ஏற்பட்டு வெளியேறியபின் தனி அமைப்பைத் தொடங்கினார். மேற்கத்திய பௌத்த சங்க நண்பர்கள் என்று பொருள்படும் பெயரில் இயங்கிய அது 2010இல் திரிரத்ன பௌத்த சமூகம் எனப் பெயர் மாறியது. அதில் தீட்சை பெற்றவர்கள் பிக்குகளும் அல்லர், இல்லறத்தாரும் அல்லர். பத்துச் சீலங்களை ஏற்பவர்கள், அவ்வளவே. 227 விதிகள் கொண்ட பாதிமோக்கம் இங்கிலாந்துக்கு ஒத்துவராது என்று ஒதுக்கப்பட்டதில் நியாயமும் உண்டு. ஆனால் விதிகளோடு விசாரணை முறையும் போயிற்று. நிறுவனரைக் கேள்வி கேட்க உரிமையுள்ள சபை எதுவும் இல்லாமற் போயிற்று.

அவர் தம்மைவிட மிகவும் இளைய ஆண் சீடர்கள் பலருடன் பாலுறவு கொண்டிருந்தார். அவ்வாறான உறவுகள் இருந்ததைப் பின்னாளில் அவரே ஒத்துக்கொண்டார். 1980களில் குரோய்டன் கிளையில் அதன் தலைவர் உறுப்பினர்களை உளவியல் ரீதியாகவும் பாலியல் ரீதியாகவும் ஆட்டிப்படைத்தது வேறொரு கதை. இரண்டையும் நாடறியச் செய்தது 1997 அக்டோபரில் கார்டியன் பத்திரிகையில் மடலீன் பன்டிங் எழுதிய கட்டுரை. குரோய்டன் தலைவரை அமைப்பே 1988 வாக்கில் நீக்கியிருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் நீக்குவது வேறு, காயப்பட்டவர்களிடம் போவது வேறு.

ஏன் யாரும் வாய் திறக்கவில்லை? மூளைச்சலவை என்று சொல்லி முடித்துக்கொள்வது எளிது. எனக்கு அந்தச் சொல்லில் நம்பிக்கை இல்லை. விடை அதைவிடச் சாதாரணமானது. அன்றைய உறுப்பினர்கள் பலர் அமைப்பின் கூட்டுக் குடியிருப்புகளில் வசித்தார்கள். சரியான வாழ்வாதாரம் என்ற புத்தரின் போதனைப்படி நடத்தப்பட்ட கடைகளிலும் உணவகங்களிலும் சொற்ப ஊதியத்துக்கு வேலை செய்தார்கள். நண்பர்கள் எல்லோரும் அங்கேயே. தீட்சை பெற ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தகுதி வந்துவிட்டதா என்று சொல்பவர்களும் அதே மூத்தவர்கள். அதாவது வீடு, வேலை, நட்பு, ஆன்மீகக் கதி நான்கும் ஒரே கைகளில். ஒருவர் முறையிட்டால் நான்கையும் ஒரே நாளில் இழக்க நேரும். விசாவும் வேலையும் ஒரே முதலாளியிடம் இருந்தால் என்ன ஆகும் என்று அறிந்த நம்மவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆகவே தடுப்பு என்பது முதலில் இந்த நான்கையும் பிரித்து வைப்பது. தியான வகுப்பில் அறநெறி போதிப்பது அதற்கு ஈடாகாது.

2016இல் பிபிசி இந்த விடயத்தை மீண்டும் எழுப்பியது. அந்த ஆண்டின் கடைசி நாட்களில், தொண்ணூற்றொரு வயதில், சங்கரக்ஷித ஓர் அறிக்கை வெளியிட்டார். தம்மால் புண்பட்ட சக பௌத்தர்கள் எல்லோரிடமும் வருத்தம் தெரிவித்து மன்னிப்புக் கோரியது அது. பலருக்கு ஆறுதல், வேறு பலருக்கு ஏமாற்றம். யாருக்கு, எதற்காக என்பது அதில் இல்லை என்றார்கள். 2018 அக்டோபர் 30இல் அவர் காலமானார்.

இங்கே சுள்ளவக்கத்தில் வரும் சுதம்ம பிக்குவின் வழக்கை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அவர் மச்சிகாசண்டம் என்ற ஊரில், தம்மை ஆதரித்துவந்த சித்தர் என்னும் இல்லறத்தாரைக் கேவலமாகப் பேசிவிட்டார். சங்கம் அவர்மீது படிசாரணீய கர்மம் என்ற தீர்ப்பை விதித்தது. சங்கத்திடம் வருந்தினால் போதாது. புண்பட்டவரிடமே நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது அதன் பொருள். சுதம்மர் போனார், வெட்கத்தால் கேட்க முடியாமல் திரும்பி வந்துவிட்டார். புத்தர் அவரை விடவில்லை. துணைக்கு ஒரு பிக்குவைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் போகச் சொன்னார். அப்படியும் அந்த இல்லறத்தார் மன்னிக்காவிட்டால்? அவர் கண்ணுக்குத் தெரியும், காதுக்குக் கேட்கும் தூரத்தில் நின்று குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். மன்னிக்கும் கடமை அவருக்கு விதிக்கப்படவில்லை. அதுதான் என்னை வியக்க வைத்தது. நமது ஆச்சிரமங்களில் எத்தனை முறை, நீங்கள் மனதில் கோபத்தை வைத்துக்கொண்டிருக்கிறீர்கள், அது உங்கள் கர்மவினை என்று பாதிக்கப்பட்டவருக்கே உபதேசம் நடக்கிறது!

2017க்குப் பிறகு திரிரத்ன சமூகம் ஒரு சிறு குழுவை அமைத்துப் பழைய முறைப்பாடுகளைக் கேட்கத் தொடங்கியது. நிலையங்களில் சேஃப்கார்டிங் பொறுப்பாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். தீங்கு செய்தவரும் பட்டவரும் நடுநிலையாளர் முன் பேசும் சீராக்க நீதி முறையும் முயலப்பட்டது. வெளியேறிய பலருக்கு இது திருப்தியளிக்கவில்லை. 2019இல் ஒப்சர்வர் பத்திரிகை அதை மறுபடி எழுதியது.

அதே நகரின் இன்னொரு அமைப்பு ரிக்பா. 'வாழ்வதற்கும் இறப்பதற்குமான திபெத்திய நூல்' என்ற புகழ்பெற்ற புத்தகத்தை 1992இல் வெளியிட்ட சோக்யால் ரின்போச்சே, 1970களில் இலண்டனில் கற்பிக்கத் தொடங்கி உலகெங்கும் கிளை பரப்பியது அது. 1994இல் கலிபோர்னியாவில் ஒரு பெண் தொடுத்த வழக்கு நீதிமன்றத்துக்கு வெளியே தீர்க்கப்பட்டு அடங்கிப்போயிற்று. குருவைக் குறை காண்பது சமய உடன்படிக்கையை மீறுவது, அதன் விளைவு நரகம் என்ற வஜ்ரயானக் கருத்து பூட்டாகப் பயன்பட்டது. 2017 ஜூலையில் நெடுநாள் சீடர்கள் எட்டுப் பேர் கையெழுத்திட்டு அவருக்கே ஒரு கடிதம் அனுப்பினார்கள். அடிகள், பாலியல் சுரண்டல், ஆடம்பரச் செலவு எல்லாம் அதில் பெயர் சொல்லி எழுதப்பட்டிருந்தன. அடுத்த மாதம் தலாய் லாமா லடாக்கில் வெளிப்படையாகவே அவரைக் குறிப்பிட்டுப் பேசினார். ரிக்பா, லூயிஸ் சில்கின் என்ற இலண்டன் சட்டத்தரணிகள் நிறுவனத்திடம் விசாரணையை ஒப்படைத்தது. 2018 செப்டம்பரில் வெளியான அறிக்கை, சில சீடர்கள் கடுமையான உடல், பாலியல், மனரீதியான துன்புறுத்தலுக்கு ஆளானதையும், மூத்தவர்கள் சிலர் அறிந்தும் செயற்படாததையும் உறுதிசெய்தது. அறநிறுவனங்களைக் கண்காணிக்கும் சாரிட்டி கமிஷன் அதே ஆண்டு தன் விசாரணையைத் தொடங்கியது. முடிவில் அறங்காவலர் இருவர் தகுதி நீக்கப்பட்டார்கள். சோக்யால் 2019இல் தாய்லாந்தில் இறந்தார். நீதிமன்றம் எதையும் அவர் சந்திக்கவில்லை.

எட்டுப் பேரின் அந்தக் கடிதம் உண்மையில் ஒரு பவாரணா. கேட்க வேண்டியவர் கேட்காததால் சொல்ல வேண்டியவர்கள் தாமாகச் சொன்னார்கள்.

விநயம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்வதாக வாசகர் எண்ண வேண்டாம். காவியுடுத்து, பாதிமோக்கம் ஓதும் தேரவாத விகாரைகளும் இந்த நகரில் உண்டு. குரோய்டன் பகுதியில் ஒரு விகாரையின் தலைமைப் பிக்கு, 1970களில் ஒரு சிறுமிக்கு இழைத்த குற்றத்துக்காக 2012இல் ஏழாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தச் சிறுமி காத்திருக்க நேர்ந்தது. இத்தனைக்கும் விநயத்தில் அநியதம் என்று இரண்டு விதிகள் இருக்கின்றன. ஒரு பிக்கு பெண்ணோடு தனித்திருந்ததை நம்பகமான ஓர் உபாசிகை கண்டு சொன்னால், சங்கம் அதை எடுத்து விசாரிக்க வேண்டும் என்பவை அவை. விசாகை என்ற பெண் சுட்டிக்காட்டியதன் பேரில் வந்தவை என்று நூல் சொல்கிறது. துறவிகளின் சபையில் ஓர் இல்லறப் பெண்ணின் சொல்லுக்கு அந்த இடம் இருந்தது. ஏட்டில் இருந்தது.

இது வெள்ளைக்காரருக்கும் சிங்களவருக்கும் உரிய சங்கதி என்று நாம் ஒதுங்கவும் வழியில்லை. மாத்தளையிலிருந்து போய்த் திருச்சி அருகே ஆச்சிரமம் அமைத்த பிரேமானந்தா, பாலியல் வன்கொடுமைக்கும் கொலைக்கும் 1997இல் இரட்டை ஆயுள் தண்டனை பெற்றார். 2005இல் இந்திய உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. பாதிக்கப்பட்டவர்களில் இலங்கைப் போரில் ஆதரவிழந்து அங்கே வளர்ந்த பெண்கள் இருந்தார்கள். வீடு, சோறு, குரு மூன்றும் அங்கேயும் ஒரே கையில்தான். ஐரோப்பாவிலிருந்த அவருடைய பக்தர்கள் பலர் தீர்ப்புக்குப் பிறகும், 2011இல் அவர் இறந்த பிறகும் அவரைக் கைவிடவில்லை.

சட்டம் மெல்லத்தான் நகர்கிறது. இங்கிலாந்திலும் வேல்சிலும் ஆசிரியர் போன்றோர் தம் பொறுப்பிலுள்ள பதினெட்டு வயதுக்குட்பட்டவரோடு பாலுறவு கொள்வது 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அந்தப் பட்டியலில் சமயம் போதிப்பவரும் விளையாட்டுப் பயிற்சியாளரும் சேர்க்கப்பட்டது 2022இல்தான். சிறுவர் மீதான பாலியல் துன்புறுத்தல் பற்றிய பொது விசாரணைக்குழு, 38 சமய அமைப்புகளை ஆராய்ந்து 2021இல் அறிக்கை தந்தது. பௌத்தமும் இந்து சமயமும் அதில் அடக்கம். ஆனால் சீடர் வயதுவந்தவராக இருந்து, அந்த நேரம் சம்மதித்தும் இருந்தால், அந்தச் சட்டம் அங்கே வராது. ரோமன் ரோட்டுக் கதையின் பெரும்பகுதி இந்த இடைவெளியில் நடந்ததே. அதை அமைப்பின் சொந்த விதிதான் நிரப்ப வேண்டும்: போதிப்பவர் தம்மிடம் கற்பவரோடு உறவு கொள்ளக்கூடாது, முறைப்பாட்டைக் கேட்பவர் குருவின் சீடராக இருக்கக்கூடாது, அறங்காவலர்களை நியமிப்பதும் நீக்குவதும் குருவின் கையில் இருக்கக்கூடாது.

தேரவாத விகாரைகளில் மழைக்காலத் தங்கல் வழக்கமாக ஒக்டோபர் பௌர்ணமியில் முடிகிறது. அதையடுத்து வரும் கட்டின விழாவுக்குச் சனம் திரண்டு போகும். சீவர தானம், சோறு, பிரித் எல்லாம் இருக்கும். பவாரணா அதற்கு முன்பே பிக்குகளுக்குள் நடந்து முடிந்துவிடும். என்னிடம் கண்ட குற்றம், கேட்ட குற்றம் என்று பாளியில் மூன்று முறை ஓதப்படும் அந்த வேண்டுகோளைக் கேட்க, விசாகை போன்ற ஒருவர் அந்த அறையில் இருப்பதில்லை.