ஈசல்

இறக்கை முளைத்துப் புற்றைவிட்டுக் கிளம்பும் கரையானே ஈசல். அது தனியொரு பூச்சியினம் அன்று. பழந்தமிழில் இதன் பெயர் ஈயல். பாரியின் நாட்டு வளத்தை நினைத்துக் கபிலர் பாடிய புறநானூற்றின் 119ஆம் பாடலில், ஈயலை மோரோடு சேர்த்துப் புளிக்கூழாக்கும் வழக்கம் இடம்பெறுகிறது. தமிழர் ஈசல் தின்றதற்கு இதைவிடப் பழைய சான்று தேட வேண்டியதில்லை.

கரையானை எறும்பின் உறவு என்று நினைப்பவர் பலர். உண்மையில் அதன் பங்காளி கரப்பான். 2007இல் வெளியான மரபணு ஆய்வுக்குப் பின் இரண்டையும் ஒரே வரிசையில் வைப்பதே வழக்கமாயிற்று. ஈசலுக்கும் இறக்கை எறும்புக்கும் வேறுபாடு காண்பது எளிது. எறும்புக்கு இடை ஒடுங்கியிருக்கும், முன்னிறக்கை பெரிதாக இருக்கும். ஈசலுக்கு ஒடுங்கிய இடை கிடையாது. நான்கு இறக்கைகளும் ஏறக்குறைய ஒரே நீளம்.

தமிழகத்துச் செம்மண் காடுகளில் ஆளுயரப் புற்று கட்டுபவை பெரும்பாலும் ஓடன்டோடெர்மிஸ் பேரினத்தைச் சேர்ந்தவை. இவை காய்ந்த இலை, மரத்தூள், சருகு ஆகியவற்றை மென்று, புற்றுக்குள் கடற்பஞ்சு போன்ற அடுக்குகளாக்கி, அவற்றில் பூஞ்சை வளர்த்து உண்கின்றன. மழைக்குப்பின் கிராமத்தார் பறிக்கும் புற்றுக்காளான் அந்தப் பூஞ்சை நீட்டும் குடைதான். ஒரே புற்று காளானும் தருகிறது, ஈசலும் தருகிறது.

நல்ல மழை பெய்து மண் நனைந்ததும் வேலைக் கரையான்கள் புற்றில் துளை திறக்கின்றன. காவல் கரையான்கள் வாயிலில் நிற்கின்றன. இனத்தைப் பொறுத்து அந்தியிலோ இரவிலோ விடியலுக்கு முன்போ ஈசல் புகைபோலக் கிளம்பும். பறப்பது கொஞ்ச நேரமே. தரையிறங்கியதும் இறக்கைகளை உதிர்த்துவிட்டு, பெண் முன்னே ஓட, ஆண் அதன் பின்னே ஒட்டி ஓட, இரண்டும் மண்ணில் வளை தோண்டி உள்ளே போய்விடும். முதல் குஞ்சுகள் வேலைக்கு வரும்வரை அந்த இணை, சேமித்த கொழுப்பையும் இனித் தேவையில்லாத பறக்கும் தசைகளையும் கரைத்தே பிழைக்கிறது. ஈசல் கொழுத்திருப்பதற்குக் காரணம் இதுதான். பல இனங்களில் உலர் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொழுப்பு உண்டு. ‘ஈசல் வாழ்வு’ ஒரு நாள் என்பார்கள். தவளையும் பல்லியும் காக்கையும் விட்டுவைத்த மிகச் சில இணைகளுக்கு இது பொருந்தாது. அவை ராஜாவும் ராணியுமாகிப் பல ஆண்டு வாழும். வயிறு பருத்த ராணி நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடும்.

பிடிக்கும் முறை எளிது. புற்றின் அருகே குழி தோண்டி, விளக்கு வைத்து, துணியாலோ தழையாலோ சுற்றி மறைப்பார்கள். ஒளியைத் தேடி வரும் ஈசல் குழிக்குள் விழும். இருளர் இதில் கைதேர்ந்தவர்கள்.  பிடித்ததை வெறும் சட்டியில் வறுத்தாலே போதும், அதன் நெய்யே அதற்கு எண்ணெய். சூடு ஆறியதும் முறத்தில் போட்டுப் புடைத்தால் இறக்கை காற்றோடு போய்விடும். பிறகு வறுத்த அரிசி, பொட்டுக்கடலை, உப்பு சேர்த்துக் கொறிப்பார்கள். இறால் ஒவ்வாதவர்கள் இதையும் தவிர்ப்பது நல்லது.

உண்ணத்தக்க பூச்சிகள் பற்றி ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2013இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் 1,900க்கு மேற்பட்ட பூச்சியினங்கள் உணவாவதாகக் கணக்கிட்டது. அவற்றுள் ஈசலைப்போல் கேடின்றி எடுக்கத்தக்கவை குறைவு என்றே சொல்லலாம். கிளம்பும் ஈசலில் பெரும்பகுதி எப்படியும் பறவைக்கும் தவளைக்கும் போகிறது. ஒரு பங்கை மனிதர் எடுத்தாலும் புற்று அப்படியே நிற்கும். பிடிக்கும்போது புற்றின் சில துளைகளை மூடாமல் விட்டால் அடுத்த தலைமுறைக்கும் வழி உண்டு.

கேடு கடப்பாரையால் வருகிறது. மருந்து என்று நம்பி ராணியைத் தோண்டி எடுத்தால், அந்தப் புற்றின் கதை பெரும்பாலும் அதோடு முடிந்தது. மனை போடுவதற்காகப் பொக்லைன் வைத்துத் தரைமட்டமாக்குவதும் அதே கதைதான். அம்மன் என்று மஞ்சள் பூசிப் பால் ஊற்றும் புற்றுகள் மட்டும் ஊருக்கு நடுவிலும் தப்பி நிற்கின்றன. கரையான் மருந்து ஊற்றிய தோட்டம், வீட்டு அடித்தளம் ஆகியவற்றின் அருகே வரும் ஈசலை உண்ணக் கூடாது. அழிந்த புற்றுக்குப் பதிலாக ஒரு புதிய இணை வளை தோண்டினாலும், அதிலிருந்து முதல் ஈசல் கிளம்பப் பல ஆண்டுகள் ஆகும்.