ரவைப் பரவல் (சிதறுதுப்பாக்கி)

ரவைப் பரவல் என்பது, சிதறுதுப்பாக்கி ஒன்றிலிருந்து ஒரே வெடிப்பில் வெளியேறும் ரவைகள், குறிப்பிட்ட தொலைவில் எவ்வளவு அகலத்தில், எவ்வளவு நெருக்கமாக, எவ்வளவு சீராகச் சென்று சேர்கின்றன என்பதைக் குறிக்கும் சொல் ஆகும். ரவை என்பது இங்குச் சிறு உலோக உருண்டை. செய்தித்தாள்களில் இது பால்ரஸ் குண்டு என்றும் பெல்லட் என்றும் எழுதப்படுகிறது. தாம்பரம், குரோம்பேட்டை போன்ற இடங்களில் வங்கி வாசலில் நிற்கும் காவலரின் தோளில் தொங்கும் இரட்டைக்குழல் துப்பாக்கி பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்ததே.

ரைபிள் ஒரு குண்டை மட்டும் செலுத்துகிறது. அது இலக்கில் படும், அல்லது படாது. சிதறுதுப்பாக்கி நூற்றுக்கணக்கான ரவைகளை ஒரு மேகம் போல அனுப்புகிறது. எனவே இங்கு இலக்கில் பட்டதா என்பதோடு, எத்தனை ரவைகள் பட்டன என்பதும் முக்கியமாகிறது. ஒரு பறவையின் மீது ஏழெட்டு ரவைகள் சரியான இடத்தில் பட்டால் அது உடனே இறக்கும். ஒன்றிரண்டு மட்டும் பட்டால், பறந்து சென்று எங்கோ புதரில் விழுந்து, பல நாட்கள் துன்புற்று இறக்கும். பரவலைச் சோதித்து மேம்படுத்தும் முயற்சிகள் அனைத்தும் இந்த வேறுபாட்டைப் பற்றியவை.

அளவுகள்

துப்பாக்கியின் '12 போர்' என்ற அளவு பழைய முறை ஒன்றிலிருந்து வந்தது. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக வார்த்தால், அவற்றுள் ஒன்று சரியாக நுழையும் குழலே 12 போர். இதன் உள்விட்டம் ஏறத்தாழ 18.5 மி.மீ.

ரவைகளும் எண்களால் குறிக்கப்படுகின்றன. எண் கூடினால் ரவை சிறுக்கும். அமெரிக்க முறையில் 4ஆம் எண் ரவையின் விட்டம் 3.3 மி.மீ., 6ஆம் எண் 2.8 மி.மீ., 9ஆம் எண் 2.0 மி.மீ. இந்தியாவில் வழங்குவது பிரித்தானிய முறை. அதில் அதே எண்ணுள்ள ரவை சற்றுச் சிறியது. இந்த வேறுபாட்டை அறியாமல் அமெரிக்க நூல்களின் அட்டவணைகளை இந்தியத் தோட்டாக்களுக்குப் பொருத்திப் பார்ப்பது பிழையான முடிவுகளுக்கே இட்டுச்செல்லும். இக்கட்டுரையில் உள்ள எண்கள் அமெரிக்க முறையிலானவை.

குழல்வாயின் நெருக்கம்

குழலின் வாய்ப்பகுதியை உட்பகுதியை விடச் சற்றுக் குறுக்கினால் ரவைகள் நெடுந்தொலைவு வரை நெருக்கமாகவே செல்லும். இந்தக் குறுக்கத்தைச் 'சோக்' என்பர். தோட்டக் குழாயின் முனையை விரலால் அழுத்தும்போது நீர் குவிந்து பாய்வதை இதற்கு உவமையாகச் சொல்வதுண்டு. உவமை அவ்வளவு துல்லியமானது அன்று. ஆயினும் தொடக்கப் புரிதலுக்கு அது போதும். சோக் பற்றிய காப்புரிமைகள் 1860களில் பதிவாயின. இங்கிலாந்தைச் சேர்ந்த டபிள்யூ. டபிள்யூ. கிரீனர் 1870களில் இம்முறையைச் செம்மைப்படுத்திப் பரவலாக்கினார்.

குறுக்கத்தின் அளவு மிகச் சிறியது. 'ஃபுல்' எனப்படும் முழுச் சோக்கிலும் அது ஏறத்தாழ 1 மி.மீ. மட்டுமே. ஆனால் விளைவு பெரியது. 40 கசத் தொலைவில் (36.6 மீட்டர்) 30 அங்குல விட்டமுள்ள (76 செ.மீ.) வட்டத்துக்குள் எத்தனை விழுக்காடு ரவைகள் விழுகின்றன என்பதே மரபான அளவுகோல். குறுக்கம் இல்லாத குழலில் சுமார் 40 விழுக்காடும், முழுச் சோக்கில் சுமார் 70 விழுக்காடும் விழும். இடையே 50, 60 விழுக்காடு தரும் நிலைகளும் உண்டு. இன்றைய துப்பாக்கிகள் பலவற்றில் சோக்கைத் திருகிக் கழற்றி வேறொன்றை மாட்டலாம்.

தாளில் சோதித்தல்

சோக்கின் மீது பொறிக்கப்பட்ட பெயரை நம்புவதை விடத் தாளை நம்புவதே மேல். ஒரே துப்பாக்கி, ஒரே சோக், ஆனால் இரு நிறுவனங்களின் தோட்டாக்கள் என்றால் பரவல் வெகுவாக மாறக்கூடும்.

சோதனை எளியது. 1.2 மீட்டர் சதுரத்துக்குக் குறையாத தாளை, பின்புறம் மண்மேடு உள்ள பாதுகாப்பான சுடுதளத்தில் நிறுத்தி, அளந்த தொலைவிலிருந்து நடுப்புள்ளியைக் குறிவைத்துச் சுட வேண்டும். பின்னர் துளைகள் மிகுதியாக உள்ள இடத்தை மையமாகக் கொண்டு வட்டம் வரைந்து எண்ண வேண்டும். ஒவ்வொரு வெடிக்கும் புதிய தாள். ஒரு தாளை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. வெடிக்கு வெடி வேறுபாடு மிகுதி என்பதால் பத்துத் தாள்களின் சராசரியை எடுப்பது வழக்கம்.

எண்ணிக்கையோடு வேறு இரண்டையும் நோக்க வேண்டும். முதலாவது, வட்டத்தின் மையம் குறிவைத்த புள்ளியிலேயே உள்ளதா என்பது. இரண்டாவது, இடைவெளிகள். மொத்த விழுக்காடு நன்றாக இருந்தும், நடுவே ஓர் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துளையும் இல்லாத தாள்கள் உண்டு. அந்த இடைவெளியில் அகப்பட்ட பறவை காயத்துடன் தப்பும்.

பரவல் கெடுவதற்கு முதன்மைக் காரணம் ரவைகள் உருக்குலைவதே. வெடிப்பின் அழுத்தத்தில் அடியில் உள்ள மென்மையான ஈய ரவைகள் மேலுள்ளவற்றால் நசுங்குகின்றன. நசுங்கிய ரவை காற்றில் நேராகச் செல்லாமல் விலகிப் போகிறது. ஈயத்துடன் ஆன்டிமணி சேர்த்துக் கடினமாக்குவது, ரவைகளைக் கிண்ணம் போன்ற ஞெகிழி அடைப்பினுள் வைப்பது, ரவைகளுக்கிடையே ஞெகிழித் தூளை நிரப்புவது ஆகிய மூன்றும் இதற்கான தீர்வுகள். வேகத்தைச் சற்றுக் குறைப்பதும் பல நேரங்களில் பரவலைச் சீராக்கும். சோக்கை மேலும் மேலும் இறுக்குவது எப்போதும் நன்மை தராது. ஓர் எல்லைக்கு மேல் ரவைகள் ஒன்றையொன்று நெருக்கி நசுக்க, நடு வெறுமையாகிப் பரவல் சிதைந்துவிடும்.

வான்கோழி வேட்டை

ரவைப் பரவலைப் பற்றி மிகுதியாகச் சிந்திப்பவர்கள் வட அமெரிக்காவின் வான்கோழி வேட்டையாடிகள். தமிழ்நாட்டில் வான்கோழி ஒரு பண்ணைப் பறவை. காட்டு வான்கோழி இந்தியாவில் இல்லை. அமெரிக்காவில் அது காட்டில் வாழ்கிறது. இளவேனிற்காலத்தில் வேட்டையாடி மரத்தடியில் அசையாமல் அமர்ந்து, பெட்டையின் குரலைப் போலி செய்து சேவலை அருகே வரவழைக்கிறார்.

பெரிய பறவையாயிற்றே, எளிய இலக்குதானே என்று தோன்றலாம். உண்மை நேர்மாறானது. தடித்த இறகும் மார்புத் தசையும் சிறு ரவைகளைத் தடுத்துவிடுவதால், தலையும் கழுத்தெலும்பும் மட்டுமே இலக்காகின்றன. மூளை கொட்டைப்பாக்கு அளவே இருக்கும். ஆகவே இங்கு 30 அங்குல வட்டம் பயன்படாது, 10 அங்குல (25 செ.மீ.) வட்டத்தையே அளவாகக் கொள்கின்றனர். 40 கசத்தில் இவ்வட்டத்துக்குள் 100 ரவைகள் என்பது வேட்டையாடிகளிடையே வழங்கும் குறியளவு.

இதன் கடுமையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒன்றேகால் அவுன்சு 6ஆம் எண் ஈய ரவையில் சுமார் 280 உருண்டைகள் உள்ளன. முழுச் சோக்கில் 70 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 196, பெரிய வட்டத்துள் விழும். சிறிய வட்டத்தின் பரப்பு அதில் ஒன்பதில் ஒரு பங்கு. சீராகப் பரவினால் 22 ரவைகளே அதற்குள் வரும். நடுப்பகுதி எப்போதும் செறிவாக இருப்பதால் உண்மையில் இதைவிட மிகுதியாக விழும். எனினும் 100 என்பது எட்டாத தொலைவு. இதனால்தான் வழக்கமான முழுச் சோக்கை விடக் கூடுதலாக இறுக்கிய வான்கோழிச் சோக்குகள் தோன்றின.

பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது டங்ஸ்டன் கலப்புலோக ரவை. ஈய ரவையின் அடர்த்தி கன செ.மீ.க்குச் சுமார் 11 கிராம்; இதனுடையது சுமார் 18 கிராம். ரவை ஊடுருவும் திறனை ஒப்பிட விட்டத்தையும் அடர்த்தியையும் பெருக்கிப் பார்த்தால் தோராயமாகப் போதும். 9ஆம் எண் டங்ஸ்டனுக்கு இது 36.5, 4ஆம் எண் ஈயத்துக்கு 36.6. இரண்டும் ஒன்றே. ஆனால் ஓர் அவுன்சில் 4ஆம் எண் ஈயம் 135 உருண்டைகள், 9ஆம் எண் டங்ஸ்டனோ 360 உருண்டைகள். ஊடுருவல் குறையாமல் எண்ணிக்கை இரண்டரை மடங்குக்கு மேல் கூடுகிறது. விலையும் பன்மடங்கு கூடுகிறது.

இறுக்கமான பரவலுக்கு மறுபக்கமும் உண்டு. 10 மீட்டரில் அது கைப்பிடி அளவே விரிந்திருக்கும். சற்றுக் குறி தவறினாலும் முழுவதும் தவறும். எனவே இத்துப்பாக்கிகளில் ரைபிளைப் போலக் குறிநோக்கி பொருத்துகின்றனர்.

தமிழ்நாட்டில்

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வழியாகத் தெற்கே செல்லும் பாதை ஏரிகள் நிறைந்தது. இப்பாதையை ஒட்டிய வேடந்தாங்கலில், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஏரியில் கூடு கட்டியிருந்த பறவைகளை ஆங்கிலேயப் படைவீரர்கள் சுட்டனர். பறவை எச்சம் கலந்த ஏரி நீரால் வயல் செழிப்பதை அறிந்திருந்த ஊரார் ஆட்சியரிடம் முறையிட்டனர். 1798இல் ஆட்சியர் லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்கு எழுத்தில் அளித்தார். சோக் இல்லாத காலத் துப்பாக்கிகள் அவை. அடர்ந்த கூட்டில் அகலமாக விழும் ரவை, குறிவைத்த பறவையோடு நிற்பதில்லை.

நரிக்குறவர் மக்களின் மரபான நாட்டுத் துப்பாக்கி வாய்வழியே கெட்டிக்கும் வகையைச் சேர்ந்தது. கரிமருந்தையும் ரவையையும் இடையே நார் அல்லது துணியை அடைத்து இடிப்பர். சோக் கிடையாது, ரவைகளும் ஒரே அளவில் இருப்பதில்லை. பரவல் விரைவில் அகன்றுவிடுவதால் மிக அருகே சென்றாக வேண்டும். பறவைகளின் குரலைப் போலி செய்வதிலும் ஓசையின்றி நெருங்குவதிலும் அவர்கள் பெற்றிருந்த தேர்ச்சி, துப்பாக்கி தராததை ஈடுசெய்தது எனலாம். வேட்டைத் தடைக்குப் பின் பலர் மணிமாலை, ஊசி விற்பனைக்கு மாறினர். அச்சமூகம் 2023இல் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், உரிமம் பெற்ற வேட்டையையும் நிறுத்திய 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் பொழுதுபோக்கு வேட்டைக்கு முடிவு கட்டின. அச்சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல் காயப்படுத்துவதையும், அதற்கான முயற்சியையும் உள்ளடக்கும். ஆகவே தப்பிப் பறந்த பறவையும் குற்றத்துக்குச் சான்றே.

துப்பாக்கி வைத்திருக்க 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி உரிமம் தேவை. 2022 சனவரி 1 முதல் தாம்பரம் தனிக் காவல் ஆணையரகமாக இயங்குவதால், அப்பகுதியினர் ஆணையரிடமே விண்ணப்பிக்க வேண்டும். குழலைக் குறுக்குவதற்கும், தோட்டா தயாரிப்பதற்கும் தனி உரிமம் வேண்டும். அமெரிக்க நூல்கள் விவரிக்கும் வீட்டுப் பட்டறை வேலைகளை இங்கு எவரும் முயலலாகாது. இந்தியச் சுடுநருக்கு எஞ்சியிருப்பவை சோக்கையும் தோட்டாவையும் தேர்ந்தெடுப்பதும், உரிமம் பெற்ற சுடுதளத்தில் சோதிப்பதுமே.

விளையாட்டில்

இன்று தமிழ்நாட்டில் ரவைப் பரவல் முறையாகப் பயன்படும் இடம் களிமண் தட்டு சுடுதல். தட்டின் விட்டம் 11 செ.மீ.; தோட்டாவில் 24 கிராம் ரவை மட்டுமே இருக்கலாம், அதாவது ஏழரை எண் ரவை சுமார் 295. டிராப் போட்டியில் தட்டு சுடுநரை விட்டு விலகிப் பறப்பதால் இறுக்கமான சோக்கும், ஸ்கீட் போட்டியில் அது குறுக்கே அருகில் கடப்பதால் அகன்ற சோக்கும் பயன்படுகின்றன. புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான், 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் டிராப் குழுப் பிரிவில் தங்கம் வென்ற மூவருள் ஒருவர். 2024 பாரிசு ஒலிம்பிக்கிலும் பங்கேற்றார்.

ஈயமும் நீர்நிலைகளும்

இலக்கில் படாத ரவைகள் மறைந்துவிடுவதில்லை. வாத்து போன்ற நீர்ப்பறவைகள் தீனியை அரைக்கச் சிறு கற்களை விழுங்கும் இயல்புடையவை. சேற்றில் கிடக்கும் ஈய ரவையையும் அவை கல்லென்று விழுங்க, அரைவைப்பையில் அது தேய்ந்து குருதியில் கலந்து நஞ்சாகிறது. அமெரிக்கா 1991இல் நீர்ப்பறவை வேட்டையில் ஈயத்தை நாடு முழுவதும் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சதுப்புநிலங்களில் ஈய ரவைக்கான தடை 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. மாற்றாக வந்த எஃகு ரவை நசுங்காததால் பரவல் இறுக்கமாக அமைகிறது. ஆயினும் அடர்த்தி 7.8 மட்டுமே என்பதால் விரைவில் வேகம் இழக்கிறது. அதன் கடினத்தன்மை பழைய குழல்களைக் கீறவும், இறுக்கமான சோக்கைப் புடைக்கச் செய்யவும் கூடும். தலைமுறை கடந்து வீடுகளில் இருக்கும் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கிகளில் எஃகு ரவைத் தோட்டாவைப் பயன்படுத்தக் கூடாது.