சங்கக்கடையும் சனங்களும்

கூட்டுறவின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் முதல், வட்டி, இலாபம் என்னும் கணக்குகளோடு நின்றுவிடுகின்றனர். யாருக்கு யார் பிணை நின்றார் என்பதும் ஆராயத்தக்கதே என்பது எமது கருத்து.

1844 டிசம்பர் 21ஆம் நாள் இங்கிலாந்தின் றொச்டேல் நகரில், நெசவாளர் முதலான 28 பேர் தலைக்கு ஒரு பவுணாகச் சேர்த்த பணத்தைக் கொண்டு ஒரு கடை திறந்தனர். மாவும் வெண்ணெயும் சீனியும் விற்ற அக்கடையின் மேல்மாடி சில ஆண்டுகளில் வாசிகசாலையாயிற்று. பங்கு எத்தனையாயினும் வாக்கு ஒன்றே என்பது அவர்களது விதி.

இலங்கைக்கு இவ்வியக்கம் கடையாக வரவில்லை, கடனாக வந்தது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் எழுந்த கிராமக் கடனுதவிச் சங்கங்களில் அங்கத்தவர் பொறுப்புக்கு வரையறை இருக்கவில்லை. ஒருவன் கடனைத் திருப்பாவிடின் ஏனையோர் அதனைச் சுமக்க வேண்டும். ஆகவே அயலவனின் நடத்தை, நாணயம், நிலபுலம் யாவும் ஒவ்வொருவரது கவலையுமாயின. வட்டிக்கடைக்காரனின் பிடியைத் தளர்த்திய இந்த ஏற்பாட்டை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் நிலமற்ற கூலிக்குப் பிணை நிற்க முன்வருபவர் யார்? நம்பிக்கை, ஏற்கெனவே இருந்த உறவு, சாதி, சொத்து என்னும் வாய்க்கால்களிலேயே பாய்ந்தது.

1942இல் பர்மா வீழ்ந்து அரிசி வரவு நின்றபோது நிலைமை மாறிற்று. பங்கீட்டுப் பொருள்களை வழங்கும் பொருட்டு ஊர்தோறும் சங்கக்கடைகள் பெருகின. கூப்பன் வைத்திருந்த எவரும் அங்கு செல்லலாயினர். தேநீர்க்கடையில் சமத்துவம் கோரி 1968இல் சங்கானையில் போராட நேர்ந்த யாழ்ப்பாணத்தில் இது சிறிய காரியமன்று. ஆனால் அரிசி நிறுக்கும் இடத்திற் கிட்டிய இடம் நிர்வாக சபையிற் பலருக்குக் கிட்டவில்லை.

1957இல் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. 1971இல் சிறு சங்கங்கள் பெருஞ் சங்கங்களுடன் இணைக்கப்பட்டன. நிர்வாகத்துக்கு அது வசதியாக இருந்திருக்கலாம். முகாமையாளரைப் பெயர் சொல்லி அழைத்துக் கணக்குக் கேட்ட அங்கத்தவனுக்கோ, சங்கம் தொலைவிலுள்ள ஒரு கந்தோராகிவிட்டது.

இதற்கு எதிர்மாறான ஒன்று 1972இல் வடக்கில் நிகழ்ந்தது. தவறணை ஏலமுறை நீங்க, கள்ளிறக்கும் தொழிலாளர் தமக்கெனக் கூட்டுறவுச் சங்கங்களை அமைத்தனர். முன்பு அவர்கள் முற்பணத்துக்குக் குத்தகைக்காரனின் வாசலில் நிற்க வேண்டியிருந்தது. இப்போது சேமிப்பும், பனையிலிருந்து விழுந்தவனின் குடும்பத்துக்கான உதவியும் அவர்களே கூடித் தீர்மானிக்கும் அலுவல்களாயின. பிணை நிற்க ஆளில்லாதிருந்தோர் ஒருவருக்கொருவர் பிணையாயினர்.