தேதி போடாத ரசீது

"பணம் ஏறிடுச்சா, பாரு."

போனில் ஆயா கேட்கும் முதல் கேள்வி இதுதான். சாப்டியா, எப்ப வர்ற என்பதெல்லாம் அதுக்கப்புறம். திருவண்ணாமலையிலிருந்து செங்கம் போகிற ரோட்டில் இறங்கி உள்ளே நடந்தால் எங்கள் ஊர். ஆயாவிடம் இருப்பது பட்டன் போன். மெசேஜ் வரும், படிக்கத் தெரியாது. பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு போனால் பிரிண்டர் ரிப்பேர் என்பார்கள். அதனால் சென்னையில் உட்கார்ந்துகொண்டு, நூறு நாள் வேலைத் திட்டத்தின் இணையதளத்தில் அவளுடைய வேலை அட்டை எண்ணை அடித்துப் பார்ப்பது என் பொறுப்பு.

அடுத்த பௌர்ணமி என்றைக்கு என்று காலண்டர் பார்க்காமல் சொல்லிவிடுவாள். கிரிவலப் பாதையில் பூ விற்கிறவளுக்கு அது தொழில் கணக்கு. ஏரியில் மண் வெட்டின கூலி என்றைக்கு வரும் என்பது மட்டும் அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, பணித்தளப் பொறுப்பாளருக்கும் தெரியாது.

2025 கோடையில் இரண்டு மாதம் வேலையே கொடுக்கவில்லை. "வேலை கேட்டு அவங்க தரலன்னா, சட்டப்படி அதுக்கும் காசு உண்டு ஆயா" என்றேன். சிரித்துவிட்டாள்.

"வேல செஞ்சதுக்கே காசக் காணோம். செய்யாததுக்கு யாரு குடுப்பா?"

நியாயமான கேள்வி. பதில் தேடிக் கிளம்பியதில் 1877 வரை போக வேண்டியதாயிற்று.

*

இன்றைய திருவண்ணாமலை மாவட்டம் 1989இல் உருவானது. 1877இல் இந்த ஊர் தென் ஆற்காடு ஜில்லாவில் இருந்தது; 1911இல்தான் வட ஆற்காட்டோடு சேர்ந்தது. நம் வீடுகளில் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1876இல் மழை பொய்த்துத் தொடங்கி 1878 வரை நீண்ட அந்தப் பஞ்சத்தில், வட ஆற்காடு, சேலம், கோயம்புத்தூர் உட்பட சென்னை மாகாணத்தின் பெரும்பகுதி வாடியது. பிரிட்டிஷ் இந்தியா முழுவதும் சேர்த்துச் செத்தவர்கள் ஏறக்குறைய 55 லட்சம் பேர் என்பது ஒரு மதிப்பீடு.

அரசாங்கம் நிவாரண வேலை தந்தது. சாலை போடு, கால்வாய் வெட்டு, கூலி வாங்கிக்கொள். சென்னை நகரத்தின் ஊடாகப் போகும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அப்படி வெட்டப்பட்டதுதான். செலவு கூடுகிறது என்று கல்கத்தாவுக்குக் கவலை. 1877 ஜனவரியில் சர் ரிச்சர்ட் டெம்பிளை அனுப்பினார்கள். அவர் கூலியைக் குறைத்தார். ஆண் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், கூட ஒரு அணா. அதாவது 450 கிராம். பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அதைவிடக் குறைவு. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ், வெயிலில் மண் சுமக்கிறவனுக்கு இது போதாது, குறைந்தது ஒன்றரை பவுண்டும் அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று வாதாடினார். சில மாதங்களில் அளவு கொஞ்சம் ஏறியது. கார்னிஷ் கேட்ட அளவுக்கு அல்ல.

கூலியைக் குறைத்ததோடு தூரத்தையும் கூட்டினார்கள். சொந்த ஊருக்குப் பக்கத்தில் வேலை கிடையாது, தள்ளியிருக்கும் முகாமுக்கு நடந்து போக வேண்டும். அவ்வளவு தூரம் நடந்து, அவ்வளவு குறைந்த கூலிக்கு வேலை செய்யத் தயாராக இருப்பவன்தான் உண்மையிலேயே பசித்தவன் என்பது அவர்களுடைய தர்க்கம். வேலையில்லாதவன் தன் பசியை உடம்பால் நிரூபிக்க வேண்டியிருந்தது.

நிரூபணம் என்கிற இந்தச் சொல்லைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். மிச்சக் கதை முழுக்க அதைப் பற்றியதுதான்.

*

வேலையில்லாதவருக்குப் பணம் என்பதை உரிமையாக முதலில் சட்டமாக்கிய பெரிய நாடு பிரிட்டன். 1911 தேசியக் காப்பீட்டுச் சட்டத்தின்படி, குறிப்பிட்ட சில தொழில்களில் வேலை இழந்தவருக்கு வாரம் 7 ஷில்லிங், அதிகபட்சம் 15 வாரம். முதல் வாரத்துக்கு ஒன்றும் கிடையாது. அங்கே நிரூபணம் சுலபம். தொழிற்சாலை உண்டு, முதலாளி உண்டு, வாராவாரம் முத்திரை ஒட்டிய புத்தகம் உண்டு. வேலை என்றைக்குப் போனது என்பதற்குத் தேதி உண்டு.

இந்தியாவிலும் அந்த வழி ஒரு சின்னக் கூட்டத்துக்குத் திறந்திருக்கிறது. ஈஎஸ்ஐ அட்டை உள்ள தொழிலாளி வேலை இழந்தால், 2018இல் வந்த திட்டத்தின்படி 90 நாள் வரை சராசரிக் கூலியில் ஒரு பங்கு கிடைக்கும். முதலில் அது 25 சதவீதம், கொரோனாவுக்குப் பிறகு 50 சதவீதம்.

என் ஆயாவுக்கு முதலாளி யார்? நாற்று நட ஒருவர், களை எடுக்க ஒருவர், கடலைக்காய் ஆய ஒருவர். யாரும் அவளை வேலையை விட்டு நீக்கவில்லை. நாளைக்குக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். அவளுடைய வேலையின்மைக்குத் தேதி கிடையாது. தேதி இல்லாத ஒன்றுக்கு எப்படிப் படி அளப்பது?

இந்த முடிச்சை அவிழ்த்தது மகாராஷ்டிரம். 1972 வறட்சியின்போது தொடங்கிய வேலை உறுதித் திட்டத்தை 1977இல் சட்டமாக்கி, 1979 ஜனவரி 26 முதல் நடைமுறைப்படுத்தினார்கள். அதில் இருந்த யோசனை எளிமையானது. யார் வேலையில்லாதவர் என்று அரசாங்கம் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். வேலை வேண்டுமென்றால் அவரே வந்து கேட்கட்டும். கேட்டும் கொடுக்க முடியவில்லையா, அப்போது அவர் வேலையில்லாதவர். நிரூபணம் முடிந்தது. படி கொடு. எவ்வளவு? நாளுக்கு ஒரு ரூபாய்க்குக் குறையாமல்.

தொகை சொற்பம்தான். ஆனால் டெம்பிளின் தர்க்கம் அங்கே தலைகீழானது. இனி நிரூபிக்க வேண்டியது பசித்தவன் அல்ல, வேலை கொடுத்தேன் என்று காட்ட வேண்டியது அரசாங்கம். கேட்ட நாளிலிருந்து கடிகாரம் ஓடும்.

*

2005இல் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் அந்த யோசனையை நாடு முழுவதற்கும் எடுத்துக்கொண்டது. 2006 பிப்ரவரி 2 அன்று முதல் கட்டமாக 200 மாவட்டங்களில் தொடங்கினார்கள். தமிழ்நாட்டில் ஆறு: கடலூர், விழுப்புரம், நாகப்பட்டினம், திண்டுக்கல், சிவகங்கை, திருவண்ணாமலை. ஆக, நாட்டிலேயே முதலில் இந்த உரிமை கிடைத்த பெண்களில் ஆயாவும் ஒருத்தி. அப்போது நாள் கூலி 80 ரூபாய்.

முன்பு தூரம் ஒரு சோதனையாக இருந்தது. இந்தச் சட்டத்தில் வேலை 5 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், அதைத் தாண்டினால் 10 சதவீதம் கூடுதல் கூலி. வேலை கேட்டு 15 நாளுக்குள் தராவிட்டால் வேலையில்லாக் காலப் படி. அது ஏழாவது பிரிவு. நிதியாண்டில் முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்குக்குக் குறையாமல், மீதி நாளுக்கு அரைப் பங்குக்குக் குறையாமல். 2025-26இல் தமிழ்நாட்டுக் கூலி 336 ரூபாய். கால் பங்கு 84. அரைப் பங்கு 168. நிலுவையான நாளிலிருந்து 15 நாளுக்குள் படி கையில் வர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது.

பிறகு ஏன் ஆயா சிரிக்கிறாள்?

சட்டத்தின் ஒரு ஏற்பாட்டைப் பாருங்கள். உடலுழைப்புக் கூலியை மத்திய அரசு தரும். வேலையில்லாக் காலப் படியை மாநில அரசு தன் கையிலிருந்து தர வேண்டும். நல்ல எண்ணத்தில் வைத்ததுதான். வேலை கொடுத்தால் டெல்லி பணம், கொடுக்காவிட்டால் உன் பணம் என்றால், மாநிலம் ஓடி ஓடி வேலை கொடுக்கும் என்று நினைத்தார்கள்.

நடந்தது வேறு. வேலை கேட்டதாகப் பதிவானால்தானே படி? பதிவே ஆகாவிட்டால்? மனு கொடுத்தவருக்குத் தேதியிட்ட ரசீது தர வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த ரசீதுதான் கடிகாரத்தின் சாவி. அதனால் அதுதான் முதலில் காணாமல் போனது. வேலை தயாராக இருக்கும்போது கூப்பிடுவார்கள். அன்றைக்கே கேட்டதாகவும் கணினியில் ஏற்றுவார்கள். பல மாநிலங்களில் இந்தத் திட்டத்தை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்ப எழுதியிருப்பது இதைத்தான். அந்தக் கணக்கில் கேட்டதற்கும் கொடுத்ததற்கும் நடுவே 15 நாள் என்ற இடைவெளியே வராது. ஏட்டில் எல்லாருக்கும் கேட்டவுடன் வேலை. ஊரில் இரண்டு மாதமாக மம்பட்டி திண்ணையில்.

போதாததற்கு, படி தருவது மாநிலத்தின் 'பொருளாதாரச் சக்திக்கு உட்பட்டது' என்று ஏழாவது பிரிவிலேயே ஒரு வாசலும் திறந்து வைத்திருக்கிறார்கள்.

*

சரி, வேலை செய்த கூலிக்கு வருவோம். வாராவாரம் தர வேண்டும், எப்படியும் 15 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால், வருகைப் பதிவேடு முடிந்த 16ஆம் நாளிலிருந்து ஒவ்வொரு நாளுக்கும் நிலுவையில் 0.05 சதவீதம் இழப்பீடு. ஆறு நாள் முழுக் கூலி 2,016 ரூபாய் என்று வையுங்கள். 0.05 சதவீதம் ஒரு ரூபாய் ஒரு காசு.

1979இல் மகாராஷ்டிரம் நிர்ணயித்த அதே ஒரு ரூபாய்.

அந்த ஒரு ரூபாய்க்கும் கடிகாரத்தை எங்கே நிறுத்துவது என்பதில் ஒரு சாமர்த்தியம் உண்டு. கூலி இரண்டு படி தாண்டி வருகிறது. கீழே வேலையை அளந்து, கையெழுத்துப் போட்டு, பணம் மாற்றும் உத்தரவை உருவாக்குவது ஒன்று. அந்த உத்தரவுக்கு டெல்லியிலிருந்து பணம் வருவது இன்னொன்று. தாமதக் கணக்கு முதல் படியோடு முடிந்துவிடும். இரண்டாவது படியில் ஒரு மாதம் கிடந்தாலும் ஏட்டில் தாமதமே இல்லை. ஸ்வராஜ் அபியான் வழக்கில் 2018 மே 18 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இதை ஏற்க முடியாது, மத்திய அரசு தன் பங்குத் தாமதத்திலிருந்து கைகழுவ முடியாது என்றது.

ஏழு வருடம் கழித்து, 2025 ஜனவரியில், தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய கூலி 1,056 கோடியை விடுவிக்கச் சொல்லி முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மார்ச் 29 அன்று ஆளுங்கட்சியே மாநிலம் முழுக்க ஆர்ப்பாட்டம் செய்தபோது நிலுவை 4,034 கோடி ஆகியிருந்தது. செய்தித்தாளில் அது கோடி. எங்கள் தெருவில் அது மளிகைக்கடை நோட்டில் இன்னொரு பக்கம்.

*

படித்தவர்களுக்காவது பரவாயில்லையா என்று கேட்பீர்கள். எங்கள் அண்ணன் பி.எஸ்சி. திருவண்ணாமலை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்திருக்கிறான். அவனிடம் அட்டை இருக்கிறது, பதிவெண் இருக்கிறது, நாள், மாதம், வருடம் எல்லாம் பளிச்சென்று இருக்கிறது. தமிழக அரசின் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகைக்குப் பதிந்து ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. அப்புறம் பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய், மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மூன்று வருடம் வரை. நாளுக்கு 20 ரூபாய். கிரிவலப் பாதையில் ஒரு டீக்கும் ஒரு வடைக்கும் சரியாகப் போகும்.

ஆயாவிடம் தேதி இல்லை. அண்ணனிடம் தேதி இருக்கிறது, தொகை இல்லை.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் பழைய சட்டத்துக்குப் பதில் புதுச் சட்டம் நிறைவேற்றியது. 100 நாள் 125 ஆகிறது. செலவில் 40 சதவீதத்தைப் பெரும்பாலான மாநிலங்கள் ஏற்க வேண்டும். நடவு, அறுவடைக் காலத்தில் 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கலாம். நாள் கூடியதா குறைந்ததா என்று டிவியில் சண்டை போடுகிறார்கள். எனக்குப் பழைய கேள்விதான். கேட்டவள் கையில் யார் ரசீது கொடுப்பது?

அந்தக் கோடையில் ஊருக்குப் போயிருந்தபோது ஆயாவுக்கு வெள்ளைத்தாளில் மனு எழுதினேன், இரண்டு பிரதி. பெயர், அட்டை எண், எத்தனை நாள் வேலை வேண்டும், எந்தத் தேதியிலிருந்து. கைநாட்டு வைத்தாள். இருவரும் எடுத்துப் போனோம். அங்கே இருந்தவர் நல்லவிதமாகவே பேசினார். ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு இன்னொன்றில் கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

"சார், தேதி?"

"அதெல்லாம் எதுக்கும்மா? வேலை வந்தா சொல்லி அனுப்ப மாட்டோமா?"

வெளியே வந்ததும் ஆயா காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கையெழுத்து எது, எழுத்து எது என்று அவளுக்குத் தெரியாது. என்ன குறையுது என்று கேட்டாள். சொன்னேன்.

"இன்னிக்குப் பௌர்ணமி முடிஞ்சு மூணாம் நாளு. இதுகூடவா அவங்களுக்குத் தெரியாது?" என்றாள்.

பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் ஒரு பேனா வாங்கி அவள் சொன்னதை அப்படியே ரசீதின் ஓரத்தில் எழுதினேன். சட்டத்தின் முன் அது செல்லாது. அரிசிப் பானைக்குள் பாஸ்புக்கோடு பத்திரமாக வைத்திருக்கிறாள்.