கடல் கடந்த புகை

வடகீழ்ப் பருவக்காற்று ஒருகாலத்திற் பாய்மரக் கப்பல்களை இந்தியக் கரையிலிருந்து ஆபிரிக்கக் கரைக்குச் செலுத்திற்று. அக்காற்று வேறொரு சரக்கையும் சுமக்கின்றது என்பது 1999 ஆம் ஆண்டிலே விரிவாக அளந்தறியப்பட்டது.

அவ்வாண்டு ஜனவரி முதல் மார்ச் வரை, 200 க்கு மேற்பட்ட விஞ்ஞானிகள் மாலைதீவை நடுவிடமாகக் கொண்டு 'இந்து சமுத்திரப் பரிசோதனை'யை நடத்தினர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பயின்ற வீரபத்திரன் இராமநாதனும், ஓசோன் ஆராய்ச்சிக்காக 1995 இல் நோபல் பரிசு பெற்ற போல் குருட்சனும் அதற்குத் தலைமை தாங்கினர். இந்தியாவின் 'சாகர் கன்யா', அமெரிக்காவின் 'ரொனால்ட் பிரவுண்' ஆகிய கப்பல்கள் கடலில் உலாவின. விமானங்கள் மேலே பறந்தன. காஷிதூ என்னும் சிறுதீவில் அவதான நிலையம் இயங்கிற்று.

புகையை அளக்கக் கடலுக்குச் செல்வானேன் என்று நேயர்கள் வினவலாம். நகரத்திலே உள்ளூர்ப் புகையும் வந்த புகையும் கலந்துவிடும். ஆலைகளற்ற சிறுதீவின் வடிதாளிற் கரி படியுமாயின், அதிற் பெரும்பங்கு தொலைவிலிருந்து வந்ததே. இயற்கையும் ஓர் எல்லைக்கோடு கீறிக் கொடுத்திருந்தது. வடபாதிக் காற்றும் தென்பாதிக் காற்றும் சந்திக்கும் அயன இடை ஒருங்கல் வலயம் அப்போது தெற்கு அகலக்கோடு 6 பாகையளவில் நின்றது. அதற்கு வடக்கே பழுப்பேறிய வானம். அதனைக் கடந்து தெற்கே சென்றால் தெளிந்த காற்று! நிலத்தினின்றும் பல நூறு மைல் அகன்ற கடலிலும் இத்துணை மாசு இருந்தமை ஆராய்ச்சியாளரையே வியப்பில் ஆழ்த்திற்று.

கரித்துகள் வெயிலை உறிஞ்சும். ஆகவே கடலை அடையும் ஒளி குறைய, இடையிலுள்ள காற்றுச் சூடேறும். 2006 மார்ச்சில் ஆளில்லாச் சிறுவிமானங்கள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் பறக்கவிட்டு இச்சூட்டை நேரே அளந்தனர். கீழ்வளிமண்டலம் வெயிலாற் பெறும் வெப்பத்தை இம்மாசு ஏறக்குறைய 50 வீதம் கூட்டியமை தெரிந்தது.

இதற்கிடையில், 2002 இல் ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டத்தின் அறிக்கையொன்று 'ஆசியப் பழுப்பு முகில்' என்ற பெயரை ஆளவே, இந்திய விஞ்ஞானிகள் மறுத்தெழுந்தனர். அதனை வெறும் மானப் பிரச்சினையென்று தள்ளுதல் நியாயமன்று. 1952 இல் இலண்டன் புகைமூடுபனி ஆயிரக்கணக்கான உயிர்களைப் பலிகொண்டதை எவரும் ஒரு கண்டத்தின் பெயரால் அழைத்திலர். பின்னர் 'வளிமண்டலப் பழுப்பு முகில்' என்று பெயர் மாறிற்று.

ஆயினும் புகை எதனது என்ற வினா நின்றது. அண்மையில் வாழ்ந்த மரஞ்செடிகளின் கரியிற் கதிரியக்கக் காபன் உண்டு. நிலக்கரியிலும் எண்ணெயிலும் அது அழிந்துபோயிற்று. இவ்வேறுபாட்டைக் கொண்டு, மாலைதீவின் ஹனிமாதூவிலும் மேற்கிந்தியாவின் சிங்ககட் மலையிலும் எடுத்த மாதிரிகளைச் சுவீடிய ஆராய்ச்சியாளர் சோதித்தனர். கரியில் ஏறக்குறைய பாதி முதல் மூன்றிலிரண்டு பங்கு வரை விறகு, வரட்டி, வயற்சருகு முதலியவற்றினது என்று 2009 இல் அவர்கள் வெளியிட்டனர். எஞ்சியது நிலக்கரியினதும் எண்ணெயினதுமாம்.