தரைக்குக் கீழே தீ, தலைக்கு மேலே விதை

போன ஜனவரியில் காவலூர் வானியல் ஆய்வகத்தைப் பார்க்கலாம்னு ஜவ்வாது மலை ஏறினேன். ஆய்வகம் இருப்பது 725 மீட்டர் உயரத்தில். ஊட்டிக் குளிர் இல்லைதான், ஆனால் தை மாத ராத்திரியில் போர்வை இல்லாமல் படுக்க முடியாது. தங்கியது ஒரு மலையாளி குடும்பத்தோடு (கேரளத்துக்காரர்கள் இல்லை, இந்த மலையின் பழங்குடிகளுக்கே அதுதான் பெயர்).

அவர்களுக்கு இரண்டு வீடு. ஒன்று புது காங்கிரீட் வீடு, பக்கத்திலேயே பழைய மண்சுவர் கூரை வீடு. காங்கிரீட் வீட்டை எனக்கு விட்டுவிட்டு, பாட்டி கூரை வீட்டில் அடுப்போரமாகப் போய்ப் படுத்துக்கொண்டார். எனக்குச் சங்கடமாகிவிட்டது. காலையில் கேட்டேன்.

"அட, உனக்காக இல்ல தம்பி. நான் எப்பவும் இங்கதான். அந்தத் தரை முட்டிக்குள்ள ஜில்லுனு ஏறுது."

பாட்டி சொன்னதில் இயற்பியல் இருக்கிறது. அடுப்பு இல்லாத இடத்தில் தெர்மாமீட்டர் வைத்தால் இரண்டு தரையும் ஏறக்குறைய ஒரே அளவுதான் காட்டும். ஆனால் சிமெண்ட் நம் உடம்புச் சூட்டை வேகமாக உறிஞ்சும். நுண்துளைகள் நிறைந்த, சாணி மெழுகிய மண்தரை மெதுவாகத்தான் வாங்கும். ஊருக்குத் திரும்பியதும், தரையைச் சூடாக்கி வாழ்ந்தவர்கள் யார் யார்னு தேட ஆரம்பித்தேன்.

முதலில் ரோமானியர்கள். செங்கல் குட்டைத்தூண்கள் மேல் தரையைத் தூக்கி நிறுத்தி, அடியில் சூடான புகையை ஓடவிட்டார்கள். பெயர் ஹைப்போகாஸ்ட். தூணின் உயரம் 2 அடி என்று விட்ருவியஸ் எழுதிவைத்திருக்கிறார். விறகையும் அடிமைகளின் உழைப்பையும் தின்ற ஏற்பாடு அது. பொதுக் குளியல் கூடங்களிலும் பணக்காரர் மாளிகைகளிலும்தான் இருந்தது.

கொரியாவின் ஒண்டோல் எளியவர்களின் வீட்டுக்கும் வந்தது. காரணம், அதற்குத் தனி நெருப்பு தேவையில்லை. சோறு பொங்கும் அடுப்பின் புகையே தரைக் கற்களுக்கு அடியில் ஓடி, மறுமுனையில் புகைபோக்கி வழியே வெளியேறும். அடுப்பை ஒட்டிய தரைதான் அதிகச் சூடு, அதனால் அந்த இடம் பெரியவர்களுக்கு. வட சீனத்தில் இதே புகை, படுக்கும் மேடைக்கு அடியில் ஓடும். அதன் பெயர் காங். இந்தியாவிலேயே காஷ்மீரில் உண்டு: ஹமாம் என்ற அறையில் கற்பலகைத் தரைக்கு அடியில் தீ மூட்டுவார்கள். பள்ளிவாசல்களில் இன்றும் பார்க்கலாம்.

கொரியாவில் விறகு போய் நிலக்கரிக் கட்டி வந்தபோது, தரை விரிசல் வழியே கசிந்த கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே பலரைக் கொன்றது. இன்று அங்கே அடுக்குமாடி வீடுகளில் தரைக்குள் வெந்நீர்க் குழாய்கள்தான் ஓடுகின்றன. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட், டோக்கியோவில் ஒரு கொரிய அறையில் உட்கார்ந்த அனுபவத்தில் மயங்கி, 1937-இல் கட்டிய ஜேக்கப்ஸ் வீட்டில் தரைக்குக் கீழே குழாய் பதித்தார். குழாய்க்குப் பதில் மின்கம்பி போடுவது இன்னொரு வகை. எதுவானாலும், மனிதர் புழங்கும் தரை 29 டிகிரியைத் தாண்டக்கூடாது என்பது ஐரோப்பியத் தரநிலை.

அப்போ நம்ம ஆட்கள்? நெடுநல்வாடையில் குளிர்காய 'தடவு' என்ற நெருப்புச் சட்டி வருகிறது. நமக்குக் குளிர் சில வாரம்தான், அதற்குத் தரையைத் தோண்ட வேண்டியதில்லை. கணப்பு போதும்.

பாட்டி வீட்டுக்குள் குனிந்து நுழைந்து மேலே பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. அடுப்புக்கு நேர் மேலே பரண், அதில் சாமை விதை. ஒரே அடுப்பு சோறு பொங்குகிறது, பாட்டியின் முட்டியைக் காக்கிறது, மிச்சப் புகை விதையைப் பூச்சியிலிருந்து காக்கிறது. கொரியாக்காரர் தரைக்கு அனுப்பிய புகையை இவர்கள் பரணுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் புகை கண்ணையும் நுரையீரலையும் கெடுக்கிறது என்பதும் உண்மை, மறைக்க வேண்டாம். காங்கிரீட் வீடு அந்தப் புகையை நீக்கியது, ஒழுகாத கூரையும் தந்தது. கூடவே கணப்பும் பரணும் போய்விட்டன. விதை இப்போது எங்கே என்று கேட்டேன். "இங்கயேதான். அந்த வீட்டுல வெச்சா வண்டு விழுது."

வெந்நீர்க் குழாய் இந்த மலைக்குத் தேவையில்லை. ஆனால் புகையில்லா அடுப்பின் புகைபோக்கியை நேராக மேலே விடாமல், ஒரு திண்ணைக்கு அடியில் வளைத்து வெளியே விட்டால்? அது சீனத்துக் காங்தான், நம்மூர்த் திண்ணை உருவில். விரிசல் விழாத பூச்சு வேண்டும், கொரியப் பாடம் மறக்கக் கூடாது. காகிதத்தில் வரைந்து வைத்திருக்கிறேன். அடுத்த முறை போகும்போது பாட்டியிடம் காட்டணும். விதைக்கு எங்கே இடம்னுதான் முதலில் கேட்பார், அதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை.